உங்களுக்குத் தெரியுமா? சிசிஎன்ஏ 'அரியர்' ஸ்பெஷல்

நெட்வொர்க்கிங் வேலைக்குள் நுழைய நம் பிள்ளைகள் பெரும்பாலும் எழுதுவது சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ தேர்வு. கட்டணம் 300 டாலர், வரி தனி. நம் பணத்தில் 25,000 ரூபாயைத் தாண்டும். ஃபெயில் ஆனால் ஒரு பைசா திரும்பாது. மறுபடி எழுத மறுபடி முழுக் கட்டணம். முதல் தடவை கோட்டைவிட்டு, இரண்டாம் தடவைக்குப் புத்தகத்தைப் பிரித்து வைத்திருப்பவர்களுக்காக இந்த வாரத் துணுக்குகள். முதல் தடவையே தேறியவர்களும் படிக்கலாம், தடையில்லை.

ஐந்து நாள் விலக்கு

தோற்ற மறுநாளே ரோஷத்தோடு பணம் கட்டித் திரும்பப் போய் உட்கார முடியாது. தேர்வு எழுதிய நாளுக்கு மறுநாளிலிருந்து எண்ணி ஐந்து நாள் பொறுக்க வேண்டும் என்பது சிஸ்கோவின் விதி. திங்கட்கிழமை தோற்றால் சனிக்கிழமை வரை கதவு சாத்தியிருக்கும். இன்னொரு விதி பலருக்குத் தெரியாது: பாஸ் ஆனவரும் அதே எண்ணுள்ள தேர்வை 180 நாளைக்குத் திரும்ப எழுதக் கூடாது. பாஸ் ஆனபின் எதற்கு எழுத வேண்டும் என்கிறீர்களா? கேள்விகளை மனப்பாடம் செய்து வெளியே விற்பதற்கென்றே எழுதுகிறவர்கள் உண்டு.

825 என்று யார் சொன்னது?

சிசிஎன்ஏவுக்குப் பாஸ் மார்க் 825 என்று கோச்சிங் சென்டர் வாசல் டீக்கடை வரை எல்லோரும் சொல்வார்கள். மதிப்பெண் அளவுகோல் 300-லிருந்து 1000 வரை என்பது உண்மை. ஆனால் பாஸ் மார்க் இவ்வளவு என்று சிஸ்கோ வெளியிடுவதில்லை. முன்னறிவிப்பு இல்லாமல் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கையில் வைத்திருக்கிறது. ஆகவே '825-க்கு இத்தனை கேள்வி சரியாக இருந்தால் போதும்' என்று கணக்குப் போடுவது வீண் வேலை.

கணக்குப் போட வேண்டிய இடம் வேறு. தோற்றவர் கையில் ஒரு மதிப்பெண் அறிக்கை வருமே, அதில் ஆறு பிரிவுகளுக்கும் தனித்தனியாகச் சதவீதம் இருக்கும். அந்த ஆறுக்கும் ஒரே எடை கிடையாது. அடிப்படைகள் 20 சதவீதம், சுவிட்ச் பக்கத்து விஷயங்கள் 20, ஐபி ரூட்டிங் 25, ஐபி சேவைகள் 10, பாதுகாப்பு 15, ஆட்டோமேஷன் 10. ரூட்டிங்கில் 50 சதவீதமும் ஆட்டோமேஷனில் 30 சதவீதமும் வாங்கியவர், '30தானே மோசம்' என்று ஆட்டோமேஷனோடு மல்லுக்கு நிற்பதைப் பார்க்கலாம். இழந்ததைப் பெருக்கிப் பாருங்கள். ரூட்டிங்கில் 25-ல் பாதி, அதாவது பன்னிரண்டரை போயிருக்கிறது. ஆட்டோமேஷனில் 10-ல் ஏழுதான். எந்தப் புத்தகத்தை முதலில் திறக்க வேண்டும் என்று அந்தத் தாளே சொல்லிவிடும். அதைப் பார்க்கப் பிடிக்காமல் கிழித்துப் போட்டவர்கள் சிஸ்கோ கணக்கில் நுழைந்து தேடிப் பார்க்கட்டும்.

கடைக்குட்டி

கடினமான தேர்வு முதலில் பிறந்து, எளிய தேர்வு பிறகு பிறந்த கதை இது. சிஸ்கோவின் உச்சத் தேர்வான சிசிஐஇ 1993-ல் வந்துவிட்டது. தொடக்கநிலை சிசிஎன்ஏ வந்தது 1998-ல். ஐந்து ஆண்டுகள் மாடி மட்டும் இருந்தது, படிக்கட்டு இல்லை.

கொசுறு: சிசிஐஇ பாஸ் ஆனவர்களுக்கு வரிசை எண் உண்டு. அது 1-ல் தொடங்கவில்லை, 1024-ல் தொடங்கியது. இரண்டைப் பத்து முறை பெருக்கினால் வரும் எண். அந்த முதல் எண்ணைத் தேர்வு நடந்த ஆய்வகத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

எண் அதேதான், பாடம் வேறு

2020 பிப்ரவரி 24 முதல் தேர்வின் எண் 200-301. இன்றும் அதே எண்தான் என்று நம்பி, அண்ணன் படித்த புத்தகத்தை வாங்கிப் படிப்பவர்கள் கவனிக்க: 2024 ஆகஸ்டில் எண்ணை மாற்றாமலேயே பாடத்திட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஆட்டோமேஷன் கருவிகளில் பப்பெட்டும் ஷெஃபும் போய் டெராஃபார்ம் வந்தது, அன்சிபிள் தங்கிவிட்டது. செயற்கை நுண்ணறிவும் இயந்திரக் கற்றலும் நெட்வொர்க் பராமரிப்பில் எங்கே பயன்படுகின்றன என்பது புதுப் பாடம். ஸ்பேனிங் ட்ரீ பகுதியில் ரூட் கார்ட், லூப் கார்ட் சேர்ந்தன. திருவல்லிக்கேணி பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கும் முன், அட்டையைப் பார்க்காதீர்கள், அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள்.

படித்தது ஏன் தேர்வில் வரவில்லை?

2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கல்லூரி மாணவர்களிடம் ஒரு பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு சாராரை அதையே இன்னொரு முறை படிக்கச் சொன்னார்கள். மறு சாராரைப் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நின்றதைத் தாளில் எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, படித்தவர்களுக்கு 42.

வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, மஞ்சள் பேனாவால் கோடு கிழித்து, 'எல்லாம் புரிஞ்சுது சார்' என்று போய், தேர்வறையில் விழிப்பவர்களின் கதை இந்த இரண்டு எண்ணில் அடங்கிவிடுகிறது. புரிந்தது பொய்யல்ல. அது முதல் ஐந்து நிமிடத்துப் புரிதல், அவ்வளவுதான். இரண்டாம் முறை படிக்கிறவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஏற்கெனவே பார்த்த முகமாகத் தெரியும். தெரிந்த முகத்தைத் தெரிந்த பாடம் என்று மூளை எடுத்துக்கொள்ளும்.

255-ல் முடிந்தால் பிராட்காஸ்டா?

சப்நெட்டிங்தான் பலரைக் கவிழ்ப்பது. ஒரு கேள்வி: 172.16.45.255/20 என்ற முகவரியை ஒரு கணினிக்குக் கொடுக்கலாமா? பத்துப் பேரிடம் கேட்டால் பலரும் '255-ல முடியுது, பிராட்காஸ்ட், கொடுக்கக் கூடாது' என்பார்கள். தாராளமாகக் கொடுக்கலாம்.

போட்டுப் பார்ப்போம். /20 என்றால் மூன்றாவது எண்ணில் மாஸ்க் 240. 256-லிருந்து 240 போனால் 16. ஆக மூன்றாவது எண்ணின் கட்டங்கள் 0, 16, 32, 48 என்று பதினாறு பதினாறாகப் போகும். 45 விழுவது 32-க்கும் 48-க்கும் நடுவில். நெட்வொர்க் 172.16.32.0, பிராட்காஸ்ட் 172.16.47.255. இடையில் இருப்பது அத்தனையும் கணினிக்குக் கொடுக்கத் தக்கதே. 45.255 மட்டுமல்ல, 46.0-வும் செல்லும். கடைசி எண்ணை மட்டும் பார்த்துப் பதில் சொல்லும் பழக்கம் /24-லேயே பயிற்சி எடுத்ததால் வருவது. வீட்டு வைஃபை முதல் புத்தக உதாரணம் வரை எல்லாம் /24 ஆக இருந்தால் வேறென்ன செய்யும்?

தேர்வு மொத்தம் 120 நிமிடம். ஒரு சப்நெட் கணக்குக்கு மூன்று நிமிடம் எடுத்தால் ஆய்வகக் கேள்விக்கு நேரம் இருக்காது. முப்பது விநாடிக்குள் வரும்வரை தினமும் பத்துக் கணக்கு, அதுவும் /24-ஐத் தவிர்த்து, போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குறுக்கு வழி தெரிந்தவர்கள் எங்களுக்கும் எழுதலாம்!

தாள் இல்லாமல் இருபது நிமிடம்

ஓஎஸ்பிஎஃப் ரூட்டிங் நெறிமுறை குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் வழி டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக் கணினி அறிஞருடையது. 1956-ல் ஆம்ஸ்டர்டாமில், தனக்கு நிச்சயமான பெண்ணோடு கடைத்தெருவில் சுற்றிக் களைத்து ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தபோது மனதிலேயே போட்டது. பேனா இல்லை, தாள் இல்லை, எடுத்துக்கொண்டது சுமார் இருபது நிமிடம். 1959 வரை அதை அச்சிலும் ஏற்றவில்லை.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், சிசிஎன்ஏவை வீட்டிலிருந்தே எழுதுகிறவர்களுக்கும் தாள் கிடையாது. மேசையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தாலும் கண்காணிப்பாளர் எடுக்கச் சொல்வார். திரையிலேயே ஒரு வெள்ளைப் பலகை தருவார்கள், மவுஸால் கிறுக்க வேண்டும். டைக்ஸ்ட்ராவுக்குச் சரி, நமக்கு மவுஸால் இரண்டின் மடங்குகளை எழுதுவதே ஒரு தேர்வு. கையால் எழுதிக் கணக்குப் போட்டுப் பழகியவர்கள் தேர்வு மையத்துக்கே போவது மேல். அங்கே எழுதி அழிக்கும் பலகை ஒன்று தருவார்கள்.

நூறு மெகாவும் பத்து கிகாவும் ஒன்றா?

அதே ஓஎஸ்பிஎஃபில் இன்னொரு வேடிக்கை. ஒரு இணைப்பின் 'காஸ்ட்' எவ்வளவு என்று கணக்கிட, நொடிக்கு 100 மெகாபிட் என்ற அளவை இணைப்பின் வேகத்தால் வகுப்பார்கள். 10 மெகாபிட் இணைப்புக்குக் காஸ்ட் 10, 100 மெகாபிட்டுக்கு 1. ஒரு கிகாபிட்டுக்கு? 0.1 வர வேண்டும். ஆனால் ஒன்றுக்குக் கீழே போக முடியாது என்பதால் அதுவும் 1. பத்து கிகாபிட்டும் 1. நூறு மெகாபிட் பழைய இணைப்பையும் பத்து கிகாபிட் புது இணைப்பையும் ரூட்டர் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கும். நாம் அடிப்படை அளவை மாற்றிச் சொன்னால்தான் வித்தியாசம் தெரியும். மாற்றினால் எல்லா ரூட்டரிலும் ஒரே மாதிரி மாற்ற வேண்டும்.

இரண்டு ரூட்டர்கள் ஓஎஸ்பிஎஃபில் நட்பாகவில்லையா? ஏரியா, சப்நெட் மாஸ்க், ஹலோ, டெட் நேரங்கள் ஆகியவற்றை முதலில் பாருங்கள். ஈதர்நெட்டில் ஹலோ 10 விநாடி, டெட் 40. எல்லாம் சரி, ஆனால் 'எக்ஸ்ஸ்டார்ட்' என்ற நிலையிலேயே நிற்கிறதென்றால் எம்டியு அளவு இரு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

நம்பகமா, நுணுக்கமா?

25 சதவீத எடையுள்ள ரூட்டிங் பகுதியில் மதிப்பெண்ணைத் தின்னும் குழப்பம் இது. ஸ்டாடிக் ரூட்டின் நம்பக எண் 1, ஓஎஸ்பிஎஃபுக்கு 110, ரிப்புக்கு 120. குறைவாக இருப்பது வெல்லும். இதை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். இப்போது 10.1.0.0/16 என்று ஒரு ஸ்டாடிக் ரூட், 10.1.1.0/24 என்று ரிப் சொன்ன ரூட், இரண்டும் அட்டவணையில் இருக்கின்றன. 10.1.1.5-க்கு வரும் பாக்கெட் எந்தப் பக்கம் போகும்?

ரிப் சொன்ன பக்கம்தான். ஊர்ப் பெயர் மட்டும் தெரிந்த மூத்த தபால்காரரைவிடத் தெருப் பெயர் தெரிந்த புதியவரிடம் கடிதத்தைக் கொடுப்பது போல, நீளமான பொருத்தம் எது என்பதே முதல் கேள்வி. நம்பக எண் பார்ப்பது ஒரே நெட்வொர்க்குக்கு, ஒரே நீளத்தில், இரண்டு வழிகள் போட்டி போடும்போது மட்டும். அட்டவணைக்குள் யார் நுழைவது என்று முடிவெடுக்க. நுழைந்த பிறகு அதற்கு வேலை இல்லை. 'ஷோ ஐபி ரூட்' படத்தைக் கொடுத்துக் கேட்கும் கேள்விகளில் இதுதான் ஒளிந்திருக்கும்.

கிழட்டுச் சுவிட்ச் ராஜா

ஈதர்நெட் பொட்டலத்துக்கு ஆயுள் கணக்கு கிடையாது. ஐபி பாக்கெட்டில் டிடிஎல் என்றொரு எண் இருக்கிறது. அதிகபட்சம் 255, ஒவ்வொரு ரூட்டரும் ஒன்று குறைக்கும், பூஜ்யமானால் குப்பைத் தொட்டி. ஈதர்நெட்டில் அப்படி எதுவும் இல்லாததால், சுவிட்சுகளை வட்டமாக இணைத்துவிட்டால் ஒரு பிராட்காஸ்ட் சுற்றிச் சுற்றிப் பெருகி நெட்வொர்க்கையே படுக்க வைத்துவிடும்.

இதற்குத் தீர்வு கண்டவர் ராடியா பெர்ல்மன், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில், 1985-ல். மேலாளர் வேலையைக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் விடுப்பில் போனார். அன்றிரவே இவருக்கு வழி பிடிபட்டது. இரண்டு நாளில் எழுதி முடித்தார். மிச்ச வாரத்தில் அந்த நெறிமுறையைப் பற்றி ஒரு கவிதை எழுதி, ஆய்வுக் கட்டுரையின் தலையில் வைத்தார். ஸ்பேனிங் ட்ரீ அதுதான்.

சுவிட்சுகள் தங்களுக்குள் தேர்தல் நடத்தி ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும். முன்னுரிமை எண் குறைவாக உள்ளவர் தலைவர். யாரும் எதையும் மாற்றாவிட்டால் எல்லோருக்கும் 32768தான். சிஸ்கோவில் விலேன் எண்ணும் சேர்வதால் விலேன் 1-க்கு அது 32769 என்று தெரியும். திரையில் இந்த எண்ணைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். சமநிலையானால் மேக் முகவரி சிறியதாக உள்ளவர் வெல்வார். பெரும்பாலும் சிறிய மேக் முகவரி யாருக்கு? முன்னால் தயாரானவருக்கு. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய புதுச் சுவிட்ச் ஓரமாக நிற்க, ஸ்டோர் ரூம் மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய சுவிட்ச் தலைவராகி, எல்லாப் போக்குவரத்தும் அதன் வழியே போகும். பல அலுவலகங்களில் இன்றும் இதுதான் நிலவரம், யாருக்கும் தெரியாது. தேர்வில் நான்கு சுவிட்ச் படம் போட்டு 'ரூட் எது' என்று கேட்டால் முதலில் முன்னுரிமை, பிறகு மேக். படத்தில் மேலே இருப்பது எது என்று பார்க்காதீர்கள்.

தப்பாக அடித்தால் தவம்

புது ரூட்டரில் ஒரு கட்டளையை எழுத்துப் பிழையோடு அடித்துவிட்டால், அது உங்கள் பிழையை ஒரு கணினியின் பெயர் என்று எடுத்துக்கொண்டு டிஎன்எஸ்ஸைத் தேடக் கிளம்பிவிடும். திரை உறைந்து நிற்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரும்பும். 'நோ ஐபி டொமைன் லுக்அப்' என்று முதலிலேயே போட்டு வைப்பவர்தான் ஆய்வகத்தில் உண்மையாகவே உட்கார்ந்தவர். இன்டர்வியூவில் இதைக் கேட்டே ஆளை எடை போடுகிறவர்கள் உண்டு.

21, 22, 23

எஸ்எஸ்ஹெச் உருவானது 1995-ல். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடியதும், அங்கிருந்த டாட்டு யுலனன் இதை எழுதினார். எஃப்டிபி 21, டெல்நெட் 23. இரண்டையும் ஓய்வு கொடுத்து அனுப்பும் எண்ணத்தில், நடுவில் காலியாக இருந்த 22-ஐக் கேட்டு மின்னஞ்சல் போட்டார். மறுநாளே கிடைத்துவிட்டது.

ஆய்வகக் கேள்வியில் எஸ்எஸ்ஹெச் வந்தால் சறுக்கும் இடம் எப்போதும் ஒன்றே. நேராகச் சாவி உருவாக்கப் போவார்கள், ரூட்டர் மறுத்துவிடும். முதலில் 'ரூட்டர்' என்ற பிறவிப் பெயரை மாற்ற வேண்டும், டொமைன் பெயர் கொடுக்க வேண்டும், பிறகுதான் ஆர்எஸ்ஏ சாவி. அதன் பின் ஒரு பயனர், விடிஒய் வரிகளில் 'லாகின் லோக்கல்', 'ட்ரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்ஹெச்'. வரிசை விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் ரூட்டர் வாங்க வேண்டியதில்லை. சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமியில் பெயர் பதிந்தால் பாக்கெட் ட்ரேசர் இலவசம்.

சட்டென்று சில

ஒரு ஆக்சஸ் லிஸ்டில் வெறும் தடைகளை மட்டும் எழுதினால் மொத்தமும் தடையாகிவிடும். கடைசியில் 'எல்லாவற்றையும் தடு' என்ற வரி கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது.

172.16-லிருந்து 172.31 வரைதான் தனியார் முகவரி. 172.32 பொது. 1994-ல் வகுத்த எல்லை, இன்றும் கேள்வி வருகிறது.

கணினிக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால் டிஹெச்சிபி சர்வரிடமிருந்து பதில் வரவில்லை என்று பொருள். கேபிளைப் பிடுங்கிச் சொருகும் முன் இதைப் பாருங்கள்.

127.0.0.1 மட்டுமல்ல, 127-ல் தொடங்கும் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துச் சொச்சம் முகவரிகளும் உங்கள் கணினிக்குள்ளேயே சுற்றுபவை. இவ்வளவு வீணா என்றால், ஆமாம்.

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11. அடுக்குமாடிக் குடியிருப்பில் அப்படியே பொருத்திப் பார்க்கலாம்.

சிஸ்கோவின் 'டைப் 7' கடவுச்சொல் மறைப்பு சில விநாடிகளில் அவிழ்ந்துவிடும். தோள் வழியே எட்டிப் பார்ப்பவருக்கு மட்டுமே அது தடை.

ரூட்டரின் இன்டர்ஃபேஸ்கள் பிறவியிலேயே மூடியிருக்கும். 'நோ ஷட்டவுன்' போட மறந்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் ஓடாது. செய்ததைச் சேமிக்காமல் ரூட்டரை அணைத்தால் அத்தனையும் போச்சு.

தீர்ந்த முகவரிகள்

ஐபிவி4 முகவரிகள் மொத்தம் 4,294,967,296. உலக இருப்பில் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பங்கு போடப்பட்டுவிட்டன. நம் ஆசிய-பசிபிக் பகுதியின் கையிருப்பு அதே ஆண்டு ஏப்ரலில் கடைசித் தொகுதியைத் தொட்டது. 'அதான் நேட் இருக்கே, ஐபிவி6 எதுக்கு' என்று அந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகிறவர்களுக்கு ஒரு சேதி: ஐபிவி6 பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்வரிசை நாடுகளில் ஒன்று. 2016-ல் வந்த ஜியோ அதற்குப் பெரிய காரணம். நம் ஊர் மொபைல் நிறுவனங்களில் வேலைக்குப் போக நினைப்பவர் ஐபிவி6-ஐ விட்டுவிட்டுப் படித்தால் பாஸ் ஆனாலும் பயன் குறைவு. இரட்டைக் கோலன் ஒரு முகவரியில் ஒரே ஒரு முறைதான் வரலாம் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

டம்ப்ஸ் வாங்கலாமா?

முதல் தடவை தோற்றதும் நண்பர் ஒருவர் தனியே கூப்பிட்டு, 'எங்கிட்ட டம்ப்ஸ் இருக்கு, 500 ரூபா' என்பார். திருடிய கேள்விகள், பெரும்பாலும் தவறான விடைகளோடு. பிடிபட்டால் சிஸ்கோ சான்றிதழை ரத்து செய்யலாம், இனி எழுதவே தடையும் போடலாம். அதைவிட நடைமுறைச் சிக்கல் ஒன்று இருக்கிறது. வேலையில் சேர்ந்த முதல் வாரம் இரவு ஷிஃப்டில், மதுரை கிளையின் லிங்க் கீழே விழுந்துவிட்டது என்று போன் வரும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று யாரும் கேட்க மாட்டார்கள். டம்ப்ஸில் வந்தவர்களை இன்டர்வியூ எடுப்பவர்களுக்கு இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடுகிறது.

பக்கத்து வீட்டுத் தேர்வு

சிசிஎன்ஏ வேண்டாம், காம்ப்டியாவின் நெட்வொர்க் பிளஸ் எழுதலாமா என்று யோசிப்பவர்களுக்கு: அங்கே பாஸ் மார்க்கை வெளிப்படையாகச் சொல்கிறார்கள். 100 முதல் 900 வரையிலான அளவுகோலில் 720. அதிகபட்சம் 90 கேள்வி, 90 நிமிடம். தோற்றால் இரண்டாம் முறைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்றாம் முறையிலிருந்து 14 நாள் இடைவெளி. எந்த ஒரு நிறுவனத்தின் கருவியையும் சார்ந்ததல்ல. ஆனால் ரூட்டரைக் கட்டமைக்கும் கட்டளைகளில் அவ்வளவு ஆழம் போகாது. சிசிஎன்ஏவுக்குப் பாதி தூரம் படித்துவிட்டுத் தோற்றவர் அங்கே தாவுவது தேவையற்ற வட்டம் என்பது எங்கள் கட்சி. இரண்டு சான்றிதழுக்குமே ஆயுள் மூன்று ஆண்டுதான்.

திரும்பிப் பார்க்க முடியாது

சிசிஎன்ஏவில் 'அடுத்து' என்பதை அழுத்திவிட்டால் அந்தக் கேள்வி போனது போனதுதான். பள்ளிக்கூடத்தில் தெரியாததை விட்டுவிட்டுக் கடைசியில் வந்து எழுதிய பழக்கம் இங்கே செல்லாது. தவறான விடைக்கு மைனஸ் மார்க் இல்லாததால் எதையும் காலியாக விடாமல் நகர்வதே உசிதம்.

அம்மாவுக்கும் சொல்லி வையுங்கள்

வீட்டிலிருந்து எழுதுவதானால் அறையின் நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். முகம் கேமராவை விட்டு விலகக் கூடாது. கேள்வியை வாய்விட்டுப் படிக்கக் கூடாது. உதடு அசைந்தாலே எச்சரிக்கை வரும். பாதித் தேர்வில் யாராவது 'காபி ஆறுதுப்பா' என்று கதவைத் திறந்தால் தேர்வையே ரத்து செய்யலாம், 300 டாலரோடு. தாழ்ப்பாள் சரியாக விழுகிற அறையாகப் பார்த்து உட்காருங்கள். மின்வெட்டு, இணையத் துண்டிப்பு இரண்டுக்கும் மாற்று ஏற்பாடு இல்லாதவர்களுக்குத் தேர்வு மையமே கதி.

இனிஷியல் ஜாக்கிரதை

பதிவு செய்யும் பெயரும் நீங்கள் காட்டும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்திருக்க வேண்டும் என்பது தேர்வு நடத்தும் பியர்சன் வியூவின் கண்டிப்பான விதி. மற்ற மாநிலத்தவரைவிட நமக்குத்தான் இதில் தலைவலி. கல்லூரிச் சான்றிதழில் 'குமார் எஸ்', ஓட்டுநர் உரிமத்தில் 'எஸ் குமார்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து 'குமார் செல்வராஜ்' என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். பொருந்தாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டணமும் போய்விடும். இரண்டாம் முறைக்குப் பணம் கட்டும் முன், எந்த அட்டையை எடுத்துப் போகப் போகிறீர்களோ அதை மேசையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள எழுத்துகளை அப்படியே பார்த்துப் பதிவு செய்யுங்கள். ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர்கள் இன்றைக்கே நுழைந்து சரிபாருங்கள். பெயர் திருத்தத்துக்கு விண்ணப்பித்தால் சில நாள் ஆகும்.